எம்.ஆர். ராதா: படங்களை விட்டுவிட்டு மேடையைப் பேசுவோம்

ஒற்றைவாடை எழுதியது:

எம்.ஆர். ராதா என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் மூன்று விஷயத்தோடு முடிந்துவிடுகிறது. ரத்தக்கண்ணீர், எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கு, அப்புறம் மிமிக்ரிக்காரர்கள் எல்லோரும் செய்கிற அந்த இரட்டைக் குரல். இந்த மூன்றுக்கும் வெளியே ஒரு மனிதர் தன் இளமை முழுவதையும் ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நாடகம் நடத்துவதில் செலவழித்திருக்கிறார். அதைப் பற்றிப் பேச ஆளில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். அதற்காகத்தான் இந்த இழை.

வயதுக் கணக்கை மட்டும் ஒரு முறை பாருங்கள். ராதா 1907-ல் சென்னையில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே வீட்டில் கோபித்துக்கொண்டு ஓடிப்போய் பாய்ஸ் கம்பெனி என்கிற சிறுவர் நாடகக் குழுவில் சேர்ந்தார். 1937-ல் ராஜசேகரன் படத்தில் முதன்முதலாகத் திரைக்கு வந்தார். பிறகு சந்தனத்தேவன், சத்தியவாணி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய படங்கள். அதன்பின் சினிமாவை ஒதுக்கிவிட்டு மேடைக்கே திரும்பிவிட்டார். ரத்தக்கண்ணீர் படம் 1954 தீபாவளிக்கு வெளியானபோது அவருக்கு வயது 47. மற்ற நடிகர்கள் அப்பா வேடத்துக்குத் தயாராகும் வயதில்தான் இவருக்குத் திரையில் உண்மையான தொடக்கமே.

ஆக, நாம் திரையில் பார்க்கிற ராதா ஏற்கெனவே முழுதாக உருவாகி முடிந்தவர். அவரை உருவாக்கியது எது? என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ராதாவைத் திரை நடிகராக மட்டும் மதிப்பிட்டால் பாதி மனிதரைத்தான் மதிப்பிடுகிறோம். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள்.


ரீல்பெட்டி எழுதியது:

நல்ல இழை. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது சார். மேடையில் அவர் என்ன செய்தார் என்பதற்கு நம்மிடம் படச்சுருள் இல்லை, ஒலிப்பதிவு இல்லை. இருப்பது ரத்தக்கண்ணீர் படமும் பார்த்தவர்கள் சொன்ன கதைகளும்தான். கதைகள் சொல்லச் சொல்லப் பெரிதாகும். படம் அப்படியே இருக்கும். அதனால் நான் படத்தைத்தான் நம்புவேன்.

படத்திலேயே பேச நிறைய இருக்கிறது. பாவமன்னிப்பில் ஆளவந்தாராக வந்து சிவாஜி முகத்தில் அமிலம் ஊற்றுகிற அளவுக்குக் கொடியவன். பாகப்பிரிவினையில் ஒன்றாக இருக்கும் குடும்பத்தைப் பிளக்கிற ஆள். பலே பாண்டியாவில் இரட்டை வேடம், அதில் ஒன்று பயமுறுத்துகிறது, இன்னொன்று சிரிக்க வைக்கிறது. 1959-லிருந்து 1966 வரை இப்படி எத்தனை எத்தனை படங்கள். இத்தனையும் திரை நடிப்பு இல்லையா?


ஒற்றைவாடை எழுதியது:

ரீல்பெட்டி, திரை நடிப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தத் திரை நடிப்புக்குள் மேடை எங்கெங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாமே என்கிறேன்.

பாய்ஸ் கம்பெனி என்றால் என்ன என்று இப்போது படிப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் வேரூன்றிய ஏற்பாடு அது. சிறுவர்களைக் கம்பெனியிலேயே தங்க வைத்து, சாப்பாடு போட்டு, பாட்டும் வசனமும் ஆட்டமும் சொல்லிக்கொடுப்பார்கள். கட்டுப்பாடு கடுமையாக இருக்கும், அடியும் விழும். ராஜபார்ட் என்கிற நாயகன் வேடம், ஸ்திரீபார்ட் என்கிற பெண் வேடம் எல்லாமே பையன்கள்தான். குரல் உடைந்துவிட்டால் அதுவரை ஆடிய வேடம் போய்விடும். டி.கே.எஸ். சகோதரர்கள், என்.எஸ். கிருஷ்ணன், எம்.ஜி.ஆர்., சிவாஜி என்று அந்தத் தலைமுறையில் நாம் கொண்டாடுகிற அத்தனை பேரும் அப்படி வந்தவர்கள்தான். ராதா ஆலந்தூர் டப்பி ரங்கசாமி நாயுடு கம்பெனியில் தொடங்கிப் பல கம்பெனிகள் மாறினார். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சிவாஜி சிறுவனாக இருந்தபோது ராதா அங்கே மூத்தவர். பின்னாளில் இருவரும் திரையில் நேருக்கு நேர் நிற்கும்போது ஒருவர் வேகத்தை இன்னொருவர் அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள் பாருங்கள், அந்தப் பழக்கம் படப்பிடிப்புத் தளத்தில் வந்ததில்லை.

ராதா அங்கே கற்றது நடிப்பு மட்டும் இல்லை. விளக்கு கட்டுவது, சீன் இழுப்பது, ரிப்பேர் பார்ப்பது, கூட்டத்தைச் சமாளிப்பது வரை எல்லாம். பின்னால் தனக்கென்று கம்பெனி நடத்தியபோது அத்தனையும் கைகொடுத்தது.


மலைக்கோட்டை எழுதியது:

எங்கள் ஊர்ப் பக்கம் பழைய ஆட்கள் ராதா நாடகம் பற்றிப் பேசும்போது ரத்தக்கண்ணீரை விடவும் முதலில் சொல்வது ‘இழந்த காதல்’. அதில் ஒரு காட்சி முழுக்கப் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வசனம் பேசுவாராம். முகமே தெரியாது. கை, தோள், குரல் இவை மட்டும்தான். முன்வரிசைக்கு முதுகு காட்டக் கூடாது என்பதுதான் கம்பெனி நாடகத்தின் முதல் பாடம். அதை மீறிக் கைதட்டல் வாங்கியவர் அவர். அந்த நாடகம் 1941-ல் படமாக வந்தபோது அதில் ராதா இல்லை என்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

ரீல்பெட்டி அண்ணா கதைகள் பெரிதாகும் என்கிறார். வாஸ்தவம்தான். ஆனால் முதுகைக் காட்டி நடித்ததைப் பல பேர் பல இடத்தில் ஒரே மாதிரி சொல்கிறார்கள். அதை எப்படித் தள்ளுவது?


மிருதங்கம் மணி எழுதியது:

குரலைப் பற்றி யாரும் எழுதவில்லையே. எனக்கு நடிப்பு தெரியாது, தாளம் கொஞ்சம் தெரியும். அந்தக் காதால் சொல்கிறேன்.

ராதாவின் வசனம் இரண்டு சுருதியில் ஓடுகிறது. மேலே கீச்சென்று ஏறும், அடுத்த சொல்லிலேயே அடித்தொண்டைக்கு இறங்கும். மிமிக்ரி செய்கிறவர்கள் இந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அவர் விடுகிற இடைவெளியைப் பிடிக்கவில்லை. ரத்தக்கண்ணீரில் நாயகன் மோகனாக வந்து தாசி காந்தாவைக் கூப்பிடுகிற அந்த ஒரு விளியையே எடுத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டுவிட்டு எவ்வளவு நேரம் நிறுத்துகிறார் என்று கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் அந்த நிறுத்தம் வேறு நீளம். முதலில் ஆசையில் நிறுத்துகிறார், பிறகு அதிகாரத்தில், கடைசியில் மூச்சு வாங்க முடியாமல். சமம், அதாவது தாளச் சுற்று தொடங்கும் இடம், எங்கே விழும் என்று நமக்கு ஏமாற்றிக் காட்டுகிற மிருதங்கத் தனி ஆவர்த்தனம் மாதிரி.

மைக் இல்லாத கொட்டகையில் வளர்ந்த குரல் மேலே ஏறித்தான் ஆகவேண்டும், கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே. அவர் வளர்ந்து நிற்கிற காலத்தில் ஒலிபெருக்கி வந்துவிட்டது. இப்போது முணுமுணுத்தாலும் கேட்கும். பல பேர் பழைய கத்தலிலேயே நின்றுவிட்டார்கள், சிலர் புதிதாக மெல்லப் பேசக் கற்றுக்கொண்டார்கள். ராதா இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துக்கொண்டார். இது என் ஊகம்தான், ஆனால் கேட்கக் கேட்க உறுதியாகிறது.

பலே பாண்டியாவில் சிவாஜியோடு ஜதி, அதாவது தாளச் சொற்கள், சொல்கிற பாட்டையும் பாருங்கள். ராதாவுக்குப் பின்னால் ஒலிப்பது எம். ராஜுவின் குரல். ஆனால் தாடை, கழுத்து நரம்பு, தோள்பட்டை எல்லாம் ராதாவுடையது. சொற்கட்டு வாயிலிருந்துதான் வருகிறது என்று சத்தியம் செய்வீர்கள். தாளம் உடம்பில் ஊறாத ஒருவரால் அப்படி வாயசைக்க முடியாது. பாய்ஸ் கம்பெனியில் பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுப்பார்கள் என்று ஒற்றைவாடை எழுதினாரே, அதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?


ரீல்பெட்டி எழுதியது:

மணி சார், அந்தப் பாட்டை இப்போதுதான் மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒப்புக்கொள்கிறேன். சிவாஜி சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல ஓர் இடம் வருகிறது, இத்தனை வருடம் அதைக் கவனிக்கவில்லை.


கல்லூரிக்காரி எழுதியது:

வணக்கம். நான் அவர் படம் எதையும் முழுதாகப் பார்த்ததில்லை, ரீல்ஸில் வருகிற துண்டுகள் மட்டும்தான். எங்கிருந்து தொடங்கலாம் என்று யாராவது சொல்லுங்களேன். கூடவே ஒரு கேள்வி. நாடகத்தில் தினமும் வசனத்தை மாற்றிப் பேசுவார் என்று ஒரு காணொளியில் கேட்டேன். அது உண்மையா?


ஒற்றைவாடை எழுதியது:

உண்மைதான் தங்கச்சி. அதுதான் இந்த இழையின் நடு விஷயமே.

ரத்தக்கண்ணீர் நாடகத்தை எழுதியவர் திருவாரூர் கே. தங்கராசு. மேல்நாடு போய் வந்த மோகனசுந்தரம், அவனுடைய திமிர், காந்தா வீடு, தொழுநோய், பிச்சை, கடைசியில் மனைவியைத் தன் நண்பன் பாலுவுக்கே மணமுடித்து வைப்பது என்று கதை அப்படியே இருக்கும். ஆனால் ராதா பேசுவது அன்றன்றைக்கு மாறும். காலைப் பத்திரிகையில் வந்த செய்தி இரவு மேடையில் மோகனின் வாயிலிருந்து வரும். எந்த ஊரில் ஆடுகிறாரோ அந்த ஊர் விவகாரம் வரும். முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவரைப் பற்றியும் வரும். அதனால் ஒரே நாடகத்தை ஜனங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான முறை மேடையேறியதற்கு அதுவே காரணம்.

இதை யோசித்துப் பாருங்கள். எழுதிய பிரதி இன்றும் கிடைக்கிறது. ஆனால் ஜனங்கள் எதைக் கேட்கப் போனார்களோ அது எந்தப் பிரதியிலும் இல்லை. படத்தில் இருப்பது ஒரே ஒரு இரவின் பேச்சு என்றுகூடச் சொல்ல முடியாது. தணிக்கைக்கு உட்பட்டு நின்றுபோன ஒரு வடிவம், அவ்வளவுதான். படத்தை மட்டும்தான் நம்புவேன் என்று ரீல்பெட்டி சொன்னபோது எனக்கு ஏன் மனம் ஒப்பவில்லை என்றால் இதனால்தான்.


சட்டப்புள்ளி எழுதியது:

தோழர் ஒற்றைவாடை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இது பலர் கண்ணில் படாத விஷயம்.

1954-ல் சென்னை மாகாணத்தில் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஆட்சேபகரமான நாடகங்களைத் தடை செய்யவும் பிரதியைக் கேட்டு வாங்கவும் அரசுக்கு அதிகாரம் தருகிற சட்டம். அது யாரை மனதில் வைத்து வந்தது என்பதில் அன்றைக்கு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ராதா அப்போது ராமாயண நாடகம் போட்டுக்கொண்டிருந்தார். திராவிடர் கழகத்தின் பார்வையில் ராமாயணத்தை விமர்சிக்கிற நாடகம். ஊருக்கு ஊர் எதிர்ப்பு, மேடை மேல் கல்வீச்சு, தடை, வழக்கு. ஒரு பெயரில் தடை வந்தால் வேறு பெயரில் நடத்துவார். மனம் புண்படும் என்று நினைக்கிறவர்கள் வர வேண்டாம் என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுவார். அதைப் படித்துவிட்டு இன்னும் கூட்டம் வரும்.

இப்போது தினசரி மாறும் வசனத்தையும் இந்தச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசு கேட்பது முன்கூட்டியே எழுதிய பிரதி. ராதாவின் கலை இருப்பது பிரதிக்கு வெளியே. மேடையில் அந்த நேரத்தில் பிறக்கிற பேச்சை எந்த அதிகாரி முன்கூட்டிப் படித்து முத்திரை குத்த முடியும்? கருத்து மோதல் ஒரு பக்கம் இருக்கட்டும், நாடகம் என்பது எது என்பதிலேயே இரு தரப்புக்கும் மோதல் இருந்தது.

அந்தச் சட்டம் ராதா காலத்தோடு போகவில்லை. பின்னாளில் வந்த நவீன நாடகக் குழுக்களும் காவல் துறையிடம் பிரதியைக் கொடுத்து அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. பரீக்‌ஷா குழுவை நடத்திய ஞாநி வழக்குப் போட்டார். 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று தள்ளியது. ஒரு நடிகரைக் கட்டுப்படுத்த வந்த சட்டம் அவர் மறைந்து 30 ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருந்திருக்கிறது.


மலைக்கோட்டை எழுதியது:

இந்த ஞாநி வழக்கு எனக்குத் தெரியாது. நன்றி தோழர்.

மற்ற நாடகங்களையும் விட்டுவிட வேண்டாம். ‘விமலா அல்லது விதவையின் கண்ணீர்’ விதவை மறுமணம் பற்றியது. ‘லட்சுமிகாந்தன்’ இருந்தது, ‘போர்வாள்’ இருந்தது. கருணாநிதி எழுதிய ‘தூக்குமேடை’யை நடத்தியபோதுதான் ராதா அவருக்குக் ‘கலைஞர்’ என்ற அடைமொழியைக் கொடுத்தார். அந்தப் பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. ராதாவுக்கு ‘நடிகவேள்’ என்ற பட்டம் கொடுத்தது பட்டுக்கோட்டை அழகிரி. இயக்க மேடையும் நாடக மேடையும் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பது இதிலேயே தெரியும். சென்னை பெரியார் திடலில் ராதா பெயரில் மன்றமே இருக்கிறது. சினிமாக்காரர்களை லேசில் ஏற்காத பெரியார் இவரை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டார் என்றால், இவரை அவர் சினிமாக்காரராகப் பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.


செங்கை செவிலி எழுதியது:

எல்லோரும் ரத்தக்கண்ணீரைப் புகழ்கிறீர்கள். நான் வேறு பக்கத்திலிருந்து பேச வேண்டியிருக்கிறது. தொழுநோயாளிகளோடு பல ஆண்டு வேலை பார்த்தவள் நான்.

அந்தக் கதையில் மோகனுக்கு நோய் ஏன் வருகிறது? ஒழுக்கம் கெட்டதால். தாயை மதிக்காமல், மனைவியைத் தள்ளிவிட்டு, காந்தா வீட்டிலேயே கிடந்ததால். படம் பார்க்கிறவர் மனதில் பதிவது இதுதான். ஆனால் தொழுநோய் அப்படி வருவதில்லை. அது ஒரு பாக்டீரியா. நார்வேயில் ஹான்சன் அதை 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். யாரோடு படுத்தார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலானவர்கள் உடம்பு அதை இயல்பாகவே எதிர்த்துவிடும். 1940-களிலேயே டாப்சோன் மருந்து வந்துவிட்டது. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்த காலம் அது. செங்கல்பட்டு திருமணியில் பெரிய தொழுநோய் மருத்துவமனையே இருந்தது. இது எதுவும் அந்தக் கதைக்குள் இல்லை.

மூட நம்பிக்கையை எதிர்த்து வாழ்நாள் முழுதும் பேசிய ஒருவர், பாவம் செய்தால் நோய் வரும் என்ற மிகப் பழைய மூட நம்பிக்கையின் மேல் தன் மிகப் பெரிய நாடகத்தைக் கட்டிவிட்டார். நோயாளிகளைக் குடும்பங்கள் எப்படிப் பார்த்தன என்று எனக்குத் தெரியும். மருந்து சாப்பிட்டுக் குணமான பிறகும் ‘என்ன தப்பு பண்ணினாயோ’ என்ற கேள்வி அவர்களை விடாது. ராதாவின் நடிப்பு எவ்வளவு சிறந்ததோ அவ்வளவு ஆழமாக அந்த எண்ணமும் பதிந்தது. நடிப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் இதையும் பேசாமல் அந்தப் படத்தைக் கொண்டாட என்னால் முடியாது.


மிருதங்கம் மணி எழுதியது:

அக்கா, இதற்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. எழுதியதற்கு நன்றி.


ஒற்றைவாடை எழுதியது:

செவிலி அம்மா சொன்னதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. நோய் வந்த காரணம் பற்றி அந்தக் கதை சொல்வது தவறு.

ஆனால் ராதா அந்த நோயாளியை எப்படி நடித்தார் என்பதில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. நோய் வந்ததும் மோகன் சாதுவாகிவிடவில்லை. கடவுளே காப்பாற்று என்று கைகூப்பவும் இல்லை. உடம்பு அழுகினாலும் வாய் அடங்கவில்லை. பிச்சை எடுத்துக்கொண்டே சாதியையும் சாமியாரையும் பணக்காரனையும் கிண்டல் செய்கிறான். அன்றைய சினிமாவில் நோயாளி என்றால் இருமிக்கொண்டே இரக்கம் கேட்கிற ஆள். இவன் இரக்கம் கேட்கவில்லை, வாக்குவாதம் செய்கிறான். அறிவு முழுதாக இருக்கிற ஒரு மனிதன் அந்த உடம்புக்குள் இருக்கிறான் என்பதை ராதா கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. காந்தா எட்டி உதைக்கிற காட்சியில்கூட நமக்கு முதலில் வருவது அவமானம், அதற்குப் பிறகுதான் பரிதாபம்.

இது கதையின் தவறைச் சரிசெய்துவிடாது. இரண்டும் ஒரே படத்தில் இருக்கின்றன.


செங்கை செவிலி எழுதியது:

நீங்கள் சொல்கிற அந்த வாக்குவாதக்கார நோயாளி எனக்கும் பிடிக்கும். என்னிடம் வந்தவர்களில் பலர் அப்படித்தான் இருந்தார்கள், நன்றாகவே சண்டை போடுவார்கள். ஆனால் மோகன் கடைசியில் தன்னை எச்சரிக்கைச் சின்னமாக வைக்கச் சொல்கிறானே, தன்னைப் பார்த்து ஊர் பாடம் கற்க வேண்டும் என்று. அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. நோயாளி யாருக்கும் பாடம் இல்லை.


நெல்லூர்வாசி எழுதியது:

ஆந்திரப் பக்கம் குடியேறிய தமிழன் நான். இங்கே ரத்தக்கண்ணீர் என்றால் நாகபூஷணம் பெயரைச் சொல்வார்கள். தெலுங்கில் அந்த நாடகத்தை அவர் பல ஆண்டுகள் ஊர் ஊராகப் போட்டார், நாடகத்தின் பெயரே அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. பிறகு கன்னடத்தில் உபேந்திரா நடித்து 2003-ல் படமாகவும் வந்தது. அங்கேயும் பெரிய வெற்றி.

எனவே ஒரு கேள்வி. மூன்று மொழியில் மூன்று பேர் நடித்து ஓடியிருக்கிறது என்றால் பலம் ராதாவிடம் இருந்ததா, தங்கராசுவின் எழுத்தில் இருந்ததா?


ரீல்பெட்டி எழுதியது:

நல்ல கேள்வி. தங்கராசுவுக்குக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். படத்தை இயக்கிய கிருஷ்ணன்-பஞ்சுவையும் அப்படியே மறந்துவிடுகிறோம். ரத்தக்கண்ணீரைத் தயாரித்த நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியாருக்கே 1952-ல் பராசக்தி எடுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். மேடை வசனத்தைத் திரைக்கு மாற்றுவதில் கை தேர்ந்தவர்கள். ராதாவின் முகத்தில் கேமராவை எப்போது நிறுத்த வேண்டும், எப்போது விலக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். ரத்தக்கண்ணீரில் சி.எஸ். ஜெயராமன் பாடிய பாட்டில், பாட்டு வரிகளுக்கு நடுவே ராதா பேசிக்கொண்டே போவார். பாட்டு ஒரு மனசாட்சி மாதிரி வருகிறது, இவர் அதோடு மல்லுக்கட்டுகிறார். இப்படி ஓர் உத்தியை அதற்கு முன் தமிழில் இவ்வளவு சிறப்பாகச் செய்ததாக எனக்கு நினைவில்லை.

இருந்தாலும் நெல்லூர்வாசிக்கு என் பதில்: தங்கராசு கொடுத்தது எந்த நல்ல நடிகரும் நிரப்பக்கூடிய இடம். ராதா நிரப்பியது அவருடைய விதத்தில். நாகபூஷணம் வேறு விதத்தில். நல்ல நாடகத்துக்கு அதுதானே அடையாளம்.


மலைக்கோட்டை எழுதியது:

1967-ஐத் தொடாமல் இழை ஓடுகிறது, நல்லதுதான். ஆனால் நடிப்பு வாழ்க்கை எங்கே முறிந்தது என்று சொல்ல அதையும் கொஞ்சம் தொட வேண்டும். தயவுசெய்து யாரும் ரசிகர் சண்டையாக மாற்றிவிடாதீர்கள்.

1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில், எம்.ஜி.ஆர். வீட்டில் அந்தத் துப்பாக்கிச் சூடு நடந்தது. கூட இருந்தவர் படத் தயாரிப்பாளர் வாசு. எம்.ஜி.ஆருக்குக் காதருகே குண்டு பாய்ந்தது, ராதாவும் தன்னைச் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். எம்.ஜி.ஆர். கழுத்தில் கட்டோடு இருக்கும் படம் தேர்தல் சுவரொட்டியாக ஊர் முழுக்கப் போனது, பரங்கிமலையில் அவர் ஜெயித்தார், தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அவர் குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. வழக்கு செங்கல்பட்டு நீதிமன்றத்தில் நடந்தது. ராதாதான் சுட்டார் என்று தீர்ப்பாகி ஏழு ஆண்டு தண்டனை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1971-ல் வெளியே வந்தார்.

முந்தைய ஆண்டு வரை சித்தி, பெற்றால்தான் பிள்ளையா என்று ஓய்வில்லாமல் நடித்துக்கொண்டிருந்தவர். உள்ளே போகும்போது வயது 60. திரும்பி வரும்போது சினிமா வேறாகிவிட்டது, கம்பெனி நாடகம் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. குரலை இழந்தவர் முதலமைச்சர் ஆனார். குரலோடு திரும்பிய ராதாவுக்குப் பேசப் பழைய மேடை இல்லை.


சட்டப்புள்ளி எழுதியது:

குற்றம் குற்றம்தான் தோழர். ஒரு மனிதரைச் சுட்டதன் விளைவை அவர் அனுபவித்தார். அதை விதியின் கொடுமை போல எழுத வேண்டாம் என்பது என் வேண்டுகோள். சுடப்பட்டவரின் குரலும் ஒரு நடிகரின் குரல்தான்.


மலைக்கோட்டை எழுதியது:

சரி தோழர், நியாயம்.


மிருதங்கம் மணி எழுதியது:

விடுதலைக்குப் பின் அவர் நடித்ததில் யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. 1976-ல் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் எடுத்த தசாவதாரம். அதில் இரணியன் வேடம் ராதாவுக்கு. ராமாயண நாடகத்துக்காகத் தடையும் கல்லடியும் பட்டவரைப் பக்திப் படத்தில் போட்டிருக்கிறார்கள். ஆனால் யோசித்தால் இதைவிடப் பொருத்தமான ஆள் யார்? ஹரி எங்கே என்று கேட்கிற குரலில் ஐயம் உண்மையாக இருக்க வேண்டும். நடிக்கத் தெரியாத வில்லன் அந்த இடத்தில் உருட்டி மிரட்டுவான். ராதா கேள்வியைக் கேள்வியாகவே கேட்கிறார். வயதாகியிருக்கிறது, உடம்பு தளர்ந்திருக்கிறது, ஆனால் அந்த இரண்டு சுருதியும் அப்படியே இருக்கிறது.

மூன்று வருடம் கழித்து, 1979 செப்டம்பர் 17 அன்று திருச்சியில் காலமானார். அன்று பெரியாரின் நூறாவது பிறந்த நாள்.


கல்லூரிக்காரி எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். ராதிகா, ராதாரவி, நிரோஷா எல்லோரும் அவர் பிள்ளைகள் என்று தெரியும், அவரைப் பற்றி இவ்வளவு தெரியாது. எதிலிருந்து தொடங்க என்ற என் முதல் கேள்வி மட்டும் நடுவில் தொலைந்துவிட்டது!


ஒற்றைவாடை எழுதியது:

தொலையவில்லை தங்கச்சி, இதோ.

ரத்தக்கண்ணீரில் தொடங்க வேண்டாம். முதலில் பலே பாண்டியா. அவர் எவ்வளவு லகுவாக நடிப்பார் என்பது அதில் பிடிபடும். மணி சார் சொன்ன பாட்டை இரண்டு தடவை பாருங்கள், இரண்டாவது தடவை ஒலியை அணைத்துவிட்டு. அடுத்து பாவமன்னிப்பு. ஆளவந்தார் பேசும்போது பார்ப்பதை விட, மற்றவர்கள் பேசும்போது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். சட்டையைச் சரிசெய்வார், தலையைத் திருப்புவார், பேசுகிறவரை ஓரக்கண்ணால் எடைபோடுவார். மேடையில் சும்மா நிற்கும் நேரத்தை எப்படி நிரப்புவது என்று படித்தவரின் வேலை அது.

மூன்றாவதாக ரத்தக்கண்ணீர். பழைய பிரதி, ஒலி கரகரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மோகன் பிச்சைக்காரனான பிறகு வருகிற பகுதியைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் ஒரே மூச்சில் பாருங்கள். செவிலி அம்மா எழுதியதையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள், அப்புறம் இங்கேயே வந்து எழுதுங்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய நாடக நோட்டீஸ், டிக்கெட், கொட்டகைப் படம் எது உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தாலும் படம் எடுத்து இந்த இழையில் போடுங்கள். எந்த ஊர், எந்த நாடகம் என்று நோட்டீஸில் இருப்பதை அப்படியே தட்டச்சு செய்துவிடுங்கள். முதலில் திருச்சி, தஞ்சை, மதுரை, ஈரோடு பக்கத்து ஆட்கள் தொடங்கலாம்.